மருதமரமும் மலையணிலும்

ஓரிடத்தில் வாழும் உயிரினம் அருகிலுள்ள குன்றில் ஏன் இல்லை? சூழலியல் பயிலும் மாணவர் எழுப்பவேண்டிய முதல் வினா இதுவே. தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லைச் சூழ்ந்த காடுகளில் பெரும்பகுதி வறண்டது. ஆயினும் காவிரிக்கரையை ஒட்டி நீர்மருதும் நாவலும் செழித்து நிற்கின்றன. அந்தக் குறுகிய பசுமைக்கோட்டிலேதான் சாம்பல்நிற மலையணில் வாழ்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள அரிய விலங்கு இது. திருவில்லிபுத்தூரில் இதற்கெனவே 1988இல் சரணாலயம் அமைந்தது. 2022இல் கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளை உள்ளடக்கிக் காவிரி தெற்கு வனவுயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

இவ்வணில் தரையில் இறங்குவது அரிது. கிளைவிட்டுக் கிளை தாவியே இரைதேடும்; உயர்ந்த கிளைகளில் இலையாலும் சுள்ளியாலும் கூடமைக்கும். ஆகவே மரங்களின் தொடர்ச்சி அறுந்தால் அதன் வழியும் அறும். எல்லை வரைந்து அறிவித்தால் மட்டும் இத்தொடர்ச்சி நிலைத்துவிடாது.

ஆய்வுக்குச் செல்வோர், ஓடி மறையும் அணிலைவிட அசையாத கூட்டைத் தேடுவது எளிது. கூடு, மரவகை, உயரம், அண்டை மரத்தோடு கிளை தொடும் நிலை, நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஒன்றும் காணாத இடத்தையும், அங்குத் தேடிய நேரத்தையும் எழுதுதல் வேண்டும். மாணவர் பலர் இதனை எழுதக் கூசுவர். மதிப்பெண் குறையுமோ என்னும் அச்சம் போலும்! பத்தாண்டு கழித்து அதே கரையில் நடப்பவர், அணில் பரவியதா குறுகியதா என அறிய அக்குறிப்பையே முதலில் தேடுவார்.