நம்பிக்கைகளும் உண்மைகளும்: இருதயம் விரியும் வேளை

இருதயத்தின் பலமெல்லாம் அது சுருங்குவதில்தான் இருக்கிறது என்றும், விரிவது வேலை முடிந்த தசையின் ஓய்வு மட்டுமே என்றும் ஓர் எண்ணம் படித்தவர்கள் நடுவிலும் வேரூன்றியிருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கும் அவ்வுறுப்பில், துடிப்புக்குத் துடிப்பு உட்பாயும் ரத்தம் சுவர்களை இழுத்து நீட்டுகிறது என்பதையும், அந்த இழுப்பை ஒவ்வோர் உயிரணுவும் கிழிபடாமல் தாங்கியாக வேண்டும் என்பதையும் சிந்தித்தால், ஓய்வென்று நாம் கருதும் அக்கணமும் கடும் உழைப்பே என்பது விளங்கும்.

அவ்வுழைப்பில் பிரதான ஸ்தானம் டைட்டின் என்னும் கட்டமைப்புப் புரதத்துக்கு உரியது. 1970-களில் ஜப்பானில் மருயாமா கண்டறிந்து கனெக்டின் என்றழைத்ததும், 1979-இல் அமெரிக்காவில் குவான் வாங் டைட்டின் என்று பெயரிட்டதும் இதைத்தான். மனித உடலில் அறியப்பட்ட புரதங்கள் அனைத்தினும் பெரியதாய், சுமார் 30,000 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலியாய், தசையின் சுருங்கும் அலகான சார்கோமியரின் விளிம்பிலிருந்து மையம்வரை இது நீண்டு கிடக்கிறது. அணு நீளும்போது இதன் மடிப்புகள் பிரிந்து, நீள நீள எதிர்ப்பும் மிகுந்து, அளவுக்கு மீறிய விரிவைத் தடுக்கின்றன. அதனினும் வியப்புக்குரியது, நன்றாகச் சுருங்கிய அணுவை மறுபடி விரியத் தள்ளுவதிலும் இதற்குப் பங்குண்டு என்பதே. ஆகவே இருதயம் வெறுமனே தளர்ந்து நிரம்புவதன்று. ரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளவும் செய்கிறது.

சேதமுற்ற இருதய உயிரணுக்கள் தோலைப் போல மீண்டும் முளைத்துவிடும் என்பாரும் உண்டு. ஆனால் இருபத்தைந்து வயதிலேயே அவற்றில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்றளவுதான் புதிதாகின்றன. முதுமையில் அதிலும் பாதிக்குக் குறைவே.

சிறுவர்களின் தசைகளை நலியச்செய்யும் மரபணு நோயான டுஷேன் தசைச்சிதைவைக் கால்களின் நோயென்று மட்டும் கருதுவதுதான் எல்லாவற்றிலும் அபாயகரமான பிழை. 1987-இல் லூயிஸ் குங்கெலின் குழுவினர் கண்டறிந்த டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம், தசை அணுவின் உள்ளிருக்கும் ஆக்டின் இழைகளை அதன் சவ்வோடு பிணைத்து, இழுவிசையைப் பகிர்ந்தளிக்கிறது. இந்நோயில் அப்புரதம் இல்லாமற்போவதால், சவ்வு கிழிந்து, கால்சியம் உட்புகுந்து, அணு மடிந்து, அவ்விடத்தில் தழும்புத் திசு படிகிறது. இருதயமும் இதற்கு விலக்கன்று. நடக்கவியலாத சிறுவனுக்கு மூச்சிரைக்க ஓடும் சந்தர்ப்பமே வாய்ப்பதில்லையாதலால், நலியும் இருதயம் வெகுகாலம் குறி காட்டாதிருக்கலாம். அதனாலேயே, நோய் நிச்சயமான நாள்தொட்டு ஆண்டுதோறும் இருதயப் பரிசோதனை அவசியமென்று வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். டிஸ்ட்ரோஃபினுக்குரிய மரபணுவின் பழுதைத் தாங்கும் தாய்மாரும் சகோதரிகளும், கைகால்களில் ஒரு குறையும் இல்லாதபோதும், இருதயத் தசை நோய்க்கு ஆளாகக்கூடும். அவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.