ஆலமான் அரசனும் அந்தமான் மான்களும்

இயற்கையின் சமநிலை என்னும் சொல் இந்நாளில் பலர் வாயிலும் வழங்குகின்றது. புலி மானைத் தின்னும்; மான் புல்லைத் தின்னும்; ஒன்று குறையின் மற்றொன்று மிகும். இஃது உண்மையே. ஆயினும் இதனையே காட்டி, "ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கின்றன? அவரவர் இடத்தில் அவரவர் அடங்கியிருத்தலே இயற்கை" என்று நம்மவரிடம் வந்து உபதேசிப்போரும் உளர். திரிசரணம் பெற்ற பின்னரும் சில அன்பர்கள் இவ்வுரையைக் கேட்டு மயங்குதலைக் காண்கிறோம். ஆதலின் இப்பாடத்தில் அச்சொல்லைச் சிறிது ஆராய்வோம்.

அந்தமான் தீவுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் தலைநகராகிய போர்ட்பிளேர் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. (நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பிய ஸ்ரீவிஜய மன்னர்களைத் தமிழ்ப் பௌத்தராகிய நாம் அப்பெயர் கேட்டு நினையாதிருத்தல் இயலுமோ!) அத்தீவுக் காடுகளில் இயற்கையாகப் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை, புள்ளிமானும் இல்லை. காட்டுப்பன்றியே அங்குத் தொன்றுதொட்டு வாழும் பெரிய நிலவிலங்கு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் புள்ளிமான்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்து விடப்பட்டன. அடித்துத் தின்னும் விலங்கு இன்மையால் அவை பெருகின. கடற்கால்களை நீந்திக் கடந்து தீவுக்குத் தீவு பரவின. தரையில் முளைக்கும் இளங்கன்றுகளை அவை மேய்ந்துவிடுதலால், முதுமரம் சாய்ந்த இடத்தில் புதுமரம் எழுவது அரிதாயிற்று. 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்ற ராஸ் தீவில் இறங்குவோர், அஞ்சாமல் அருகில் வரும் மான்களைக் கண்டு மகிழ்வர். அவற்றின் காலடியில் கன்றுகள் இல்லாமை அவர்கள் கண்ணிற் படுவதில்லை.

இன்டர்வியூ தீவின் கதையும் இத்தகையதே. மரம் இழுக்க யானைகளைக் கொண்டுவந்த ஒரு நிறுவனம் 1962-இல் தொழிலைக் கைவிட்டபோது, சுமார் 40 யானைகளைக் காட்டிலேயே விட்டுச் சென்றது. பிரம்பும் மரப்பட்டையும் அவற்றிற்கு இரையாயின.

இதில் மானையோ யானையையோ பழித்தல் தகுமா? அவை தாமே கப்பலேறி வந்தனவல்ல. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்று பகவன் அருளிய சார்பிற்றோற்றத்தை இங்குக் கண்கூடாகக் காணலாம். ஆலையில் தறி ஓட்டியோர் அறிவர்: அறுந்த பாவுநூல் ஒன்று பக்கத்து நூல்களிற் சிக்கி, அவற்றையும் அறுக்கும். தறியை நிறுத்தி முடிச்சிட வேண்டியவன் தறிக்காரனே. நூலை வைதாற் பயனில்லை.

இனி ஜாதகக் கதைகளில் வரும் விலங்குகள் இதைப்பற்றி என்ன கொள்கை உடையன என்று பார்ப்போம். வியாக்கிர ஜாதகத்தில், புலியும் சிங்கமும் தின்று எறிந்த பிணங்களின் நாற்றம் பொறாத மரதேவதை ஒன்று அவற்றை விரட்டிற்று. அடிச்சுவடு காணாத மாந்தர் அச்சம் நீங்கிக் கோடரியுடன் வந்து காட்டை அழித்தனர். திரும்பி வருமாறு தேவதை வேண்டியும் அவை வரவில்லை. இக்கதையோடு நிற்போர் சமநிலையின் ஒரு பாதியையே கற்றவராவர்.

மற்றைப் பாதி நிக்ரோதமிருக ஜாதகத்தில் உள்ளது. காசி மன்னன் பூங்காவில் அடைபட்ட இரு மான்கூட்டங்கள், நாள்தோறும் அம்புபட்டுப் பல மான்கள் துன்புறுதலைத் தவிர்க்க, முறைவைத்து நாளுக்கு ஒன்றாகக் கொலைக்களம் செல்வதென உடன்பட்டன. அதுவும் ஒரு சமநிலைதான், கணக்கிற் பிழையில்லை. ஒருநாள் சாகமான் கூட்டத்துக் கருவுற்ற பிணைக்கு முறை வந்தது. "ஈன்றபின் யாங்கள் இருவேமும் முறைப்படி வருவோம், இன்று விடுக" என்று அது தன் அரசனை வேண்டிற்று. சாகமான் மறுத்தது. உன் முறையைப் பிறர்மேல் ஏற்ற இயலாது என்பதே அதன் விடை. அன்பர்களே, இவ்விடையை நாமும் நம் முன்னோரும் எத்தனை தலைமுறை கேட்டிருக்கிறோம்! ஏற்பாடு கெடலாகாது, ஆகவே நீ உன் இடத்தில் மடி.

பிணை ஆலமான் அரசனிடம் சென்றது. அவ்வரசன் முறையை மற்றோர் ஏழை மானின்மேல் தள்ளாமல், தானே சென்று வெட்டுக்கட்டையில் தலைவைத்துக் கிடந்தான். வியந்த மன்னன் அவனுக்கும் பிணைக்கும், அவன் வேண்ட வேண்ட எல்லா மான்களுக்கும், நாற்கால் உயிர்களுக்கும், பறவைகளுக்கும், மீன்களுக்கும் அபயம் அளித்தான்.

கதை இங்கு முடிந்திருப்பின், அந்தமான் மான்களைக் காட்டி எவரும் நம்மை நகைக்கலாம். அது முடியவில்லை. அச்சம் நீங்கிய மான்கள் உழவர் பயிரை மேய்ந்தன. குடிகள் முறையிட்டும் மன்னன் வாக்குத் தவறான். அப்போது ஆலமான் தன் கூட்டத்தை அழைத்து, பிறர் பயிரைத் தின்னலாகாது என விலக்கினான். வேலி வேண்டா, வயலைச் சுற்றி இலை கட்டி அடையாளம் செய்க என்று உழவர்க்கும் சொல்லியனுப்பினான். அவ்விலையை மான்கள் கடந்ததில்லை.

தீவின் மானுக்கு அவ்விலையின் பொருள் தெரியாது. அதனைக் கொண்டுவிட்ட மனிதனுக்குத் தெரியும். எங்கே கட்டுவது, எந்த உயிரை எங்கே கொண்டுபோய் விடலாகாது என்று அறியவேண்டியவன் அவனே.

இந்த ஜாதகத்தைப் பகவன் உரைத்த காரணத்தையும் கூறவேண்டும். கருவுற்றிருத்தலை அறியாது துறவு பூண்ட ஒரு பிக்குணியைத் தேவதத்தன் விசாரியாமலே வெளியேற்றினான். பகவனோ வழக்கை உபாலி தேரரிடம் ஒப்புவித்தார். விசாகை நாட்களை எண்ணி ஆராய்ந்து, கரு துறவுக்கு முற்பட்டதெனக் கண்டாள். அப்பிக்குணி பெற்ற மகவே குமார காசியபர். அன்று சாகமானாய் இருந்தவன் தேவதத்தன் என்றும், பிணையாய் இருந்தவள் அப்பிக்குணி என்றும், ஆலமான் தாமே என்றும் பகவன் அருளிச்செய்தார்.