மணமாலையின் நிறம் மாறுவது ஏன்?

புதுச்சேரி மூலக்குளத்தில் ஏதேனும் ஒரு பூக்கடை முன்பு, முகூர்த்த நாளுக்கு முந்திய நாள் சற்று நின்று பாருங்கள். முன்பெல்லாம் கல்யாண மாலை என்றால் செக்கச் சிவந்த ரோஜாவும் பளீரென்ற மஞ்சள் சாமந்தியும்தான். இப்போது பெண் வீட்டார் கூரைப் புடவையின் ஓரத் துணியில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து, “இந்தக் கலருக்கு ஏற்ற மாதிரி மாலை, மேடை அலங்காரம், தலைப்பூ எல்லாம் வேண்டும்” என்கிறார்கள். சந்தன நிறம், வெளிர் ஆரஞ்சு, பொன் கலந்த இளஞ்சிவப்பு, ‘பீச்’ என்று ஒரு நிறம் – இப்படி எல்லாமே மென்மையான, கண்ணுக்கு வெதுவெதுப்பான நிறங்கள். பூக்காரர் துணித்துண்டைப் பூவின் அருகே பிடித்துப் பார்த்து, பொருந்துகிறவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் கட்டுகிறார்.

மாலை வரவேற்பில் எல்லாம் அழகாகப் பொருந்தியிருக்கிறது. மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்தில் பார்த்தால் மேடையில் சாமந்தி அப்படியே இருக்கிறது. ரோஜா மட்டும் நீலம் பாய்ந்து, கத்தரிப்பூச் சாயலில் தனித்துத் தெரிகிறது. “நேற்றைய பூவை எங்கள் தலையில் கட்டிவிட்டீர்களே!” என்று சண்டை வருகிறது. பேசிய தொகையில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறார்கள். இரவெல்லாம் கண்விழித்துப் பூக்கட்டிய குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு.

பூக்காரர் ஏமாற்றினாரா? வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் இதழுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெண்மையிலிருந்து தொடங்குவோம். மல்லிகை வெள்ளையாக இருக்கிறதே, அதற்குள் வெள்ளைச் சாயம் ஏதாவது உண்டா? ஒரு மல்லிகை இதழை எடுத்து விரல்களுக்கிடையே வைத்து நன்றாக அழுத்துங்கள். அழுத்திய இடம் எண்ணெய் பட்ட காகிதம்போல் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும், வெண்மை போய்விடும். ஏனென்றால் இதழின் செல்களுக்கு இடையே நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. உள்ளே நுழையும் ஒளி, செல்லுக்கும் காற்றுக்கும் இடையே மாறிமாறிப் பட்டுத் தெறித்து, எல்லா நிறங்களும் ஒன்றாகவே வெளியே திரும்புகிறது. சோப்பு நுரையும் உப்புத்தூளும் வெண்மையாகத் தெரிவது இதே காரணத்தால்தான். அழுத்தும்போது காற்று வெளியேறி அந்த இடத்தைச் செல்சாறு நிரப்பிவிடுவதால் தெறிப்பு நின்றுவிடுகிறது.

மென்னிறம் என்பது இந்த வெண்மையோடு சிறிதளவு நிறமி சேர்ந்ததுதான். சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பிடி காவிப்பொடி கலந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. நிறமியின் அளவு கூடினால் அடர்நிறம், குறைந்தால் மென்னிறம். அளவு குறைவாக இருக்கும் இடத்தில் சிறு மாற்றமும் உடனே கண்ணில் படும். குடம் தண்ணீரில் ஒரு சொட்டு மை தெரியும். மைக்குடுவையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரியாது அல்லவா? அடர் சிவப்பு ரோஜாவில் நடக்கும் அதே மாற்றம் மென்சிவப்பு ரோஜாவில் நம் கண்ணுக்கு முன்னதாகவே அகப்பட்டுவிடுகிறது. பழைய காலத்துப் பூக்காரருக்கு இத்தனை சண்டை வராததற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எண்ணெயில் கரைவதும் நீரில் கரைவதும்

மாலையில் சேரும் நிறமிகள் முக்கியமாக மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை.

முதலாவது கரோட்டினாய்டுகள். கேந்திப்பூ இருக்கிறதே, செண்டுமல்லி என்றும் துலுக்கச் சாமந்தி என்றும் சொல்வார்கள், மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது – அதன் பொன்மஞ்சளுக்குக் காரணம் லூட்டின் என்ற கரோட்டினாய்டு. இதன் மூலக்கூறில் 40 கார்பன் அணுக்கள், 56 ஹைட்ரஜன் அணுக்கள், 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் நீண்ட சங்கிலி அது. அந்தச் சங்கிலி, 445 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. வெள்ளொளியிலிருந்து நீலத்தை எடுத்துவிட்டால் மீதி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. கரோட்டினாய்டுகள் எண்ணெயில் கரையும், நீரில் கரையா. செல்லுக்குள் குரோமோபிளாஸ்ட் என்னும் சிறு உறுப்புகளில் அடைபட்டுக் கிடப்பவை. சாற்றின் அமிலத்தன்மை ஏறினாலும் இறங்கினாலும் கவலைப்படாதவை. (கோழிமுட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் தருவதும் லூட்டின் வகைதான். கோழித் தீவனத்தில் சேர்ப்பதற்காகக் கேந்திப்பூச் சாரம் எடுக்கும் ஆலைகள் தென்னிந்தியாவில் உள்ளன. அதுமட்டுமா? நீங்கள் மாலையை உற்றுப் பார்க்கிறீர்களே, அந்தக் கண்ணின் விழித்திரை நடுவிலும் லூட்டின் இருக்கிறது!)

இரண்டாவது ஆந்தோசயனின்கள். ரோஜாவின் சிவப்பும் இளஞ்சிவப்பும் இவற்றால் வருபவை. இவை நீரில் கரையும். செல்லின் நடுவில் உள்ள சாற்றுப்பையில் கரைந்தே இருக்கும். பச்சை ஒளியை விழுங்குகின்றன. ஆனால் இவற்றின் குணம் நிலையற்றது. அமிலத்தில் சிவப்பு, அமிலம் குறையக் குறைய ஊதா, மேலும் குறைந்தால் நீலம்.

ஜெர்மானிய வேதியியலார் ரிச்சர்டு வில்ஸ்டாட்டர் 1913-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வியப்பான செய்தியைக் கண்டார். ஐரோப்பிய வயல்களில் பூக்கும் கார்ன்பிளவர் என்ற நீலப் பூவிலும் சிவப்பு ரோஜாவிலும் இருப்பது சயனிடின் என்ற ஒரே நிறமிதான்! சாற்றின் அமிலத்தன்மை வேறுபடுவதே இதற்குக் காரணம் என்று அவர் கருதினார். தாவர நிறமிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1915-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கார்ன்பிளவரைப் பொறுத்தவரை அவர் சொன்ன காரணம் சரியன்று. 1919-ல் ஜப்பானில் ஷிபாட்டா, உலோக அணுக்களுடன் சேர்வதால்தான் அந்த நீலம் என்று சொன்னார். இரும்பு, மக்னீசியம், கால்சியம் ஆகியவை சேர்ந்த அந்தச் சிக்கலான அமைப்பு 2005-ல் எக்ஸ்கதிர் ஆய்வினால் தெளிவாயிற்று. ஆயினும் நம் ரோஜா நீலம் பாய்வதில் வில்ஸ்டாட்டர் சொன்ன அமிலத்துக்குப் பங்கு உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

மூன்றாவது பீட்டாலயின்கள். வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ ஆகியவற்றின் நிறம் இது. பீட்ரூட்டின் சிவப்பும் இதுவே. ஆந்தோசயனினைப் போலவே நீரில் கரைந்தாலும் இதன் மூலக்கூறில் நைட்ரஜன் உண்டு. இயற்கையில் ஒரு விந்தை: ஆந்தோசயனினும் பீட்டாலயினும் ஒருங்கே உள்ள தாவரம் ஒன்றுகூட இதுவரை காணப்படவில்லை. ஒன்று இருந்தால் மற்றது இல்லை. காகிதப்பூவில் நிறமாக இருப்பது இதழே அன்று, பூவடிச்செதில். நடுவில் உள்ள சிறு குழல்தான் பூ. அதன் தாவரவியல் பெயரான போகன்வில்லியா, 1766 முதல் 1769 வரை கப்பலில் உலகைச் சுற்றிய பிரெஞ்சுக்காரர் பூகன்வீலைக் குறிப்பது. அவருடன் சென்ற தாவரவியலார் கொமர்சோன் 1767-ல் பிரேசிலில் அதைச் சேகரித்தார். அவருக்கு உதவியாளாக ஆண்வேடத்தில் சென்ற ழான் பாரே, உலகைச் சுற்றிவந்த முதல் பெண்மணி.

இனிப் பீச் நிறத்துக்கு வருவோம். அது ஒரு நிறமியால் ஆவதன்று. இளஞ்சிவப்பு தரும் ஆந்தோசயனின் கொஞ்சம், மஞ்சள் தரும் கரோட்டினாய்டு கொஞ்சம், இரண்டும் ஒரே இதழில் சேர்ந்து, பின்னால் வெண்மையும் இருந்தால் அந்த நிறம் கிடைக்கிறது. பழைய ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, வெளிர்மஞ்சள் இவ்வளவே உண்டு. பிரான்சில் லியோன் நகரத்துத் தோட்டக்காரர் ழோசேப் பெர்னே துய்ஷே, பாரசீக மஞ்சள் ரோஜாவின் மகரந்தத்தைப் பல ஆண்டுகள் விடாமல் கலந்து, 1900-ல் ‘சொலேய் தோர்’ – பொற்கதிரவன் – என்ற ரகத்தை வெளியிட்டார். இன்றைய பொன்மஞ்சள், ஆரஞ்சு, பீச் ரோஜாக்களில் பெரும்பாலானவற்றின் வம்சாவளி அங்கே போய்ச் சேரும். நிறத்தோடு கூடவே இலைக் கரும்புள்ளி நோய்க்கு இடங்கொடுக்கும் குணமும் வந்து சேர்ந்ததாம்!

சாமந்தியின் கதை வேறு. வெள்ளைச் சாமந்தியில் மஞ்சள் நிறமி உண்டாவதே இல்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். 2006-ல் ஜப்பானில் அக்கெமி ஓமியாவும் உடன் பணியாற்றியவர்களும் கண்டது என்ன தெரியுமா? வெள்ளைச் சாமந்தியும் கரோட்டினாய்டை உண்டாக்குகிறது. ஆனால் ஒரு நொதி அதை அப்போதைக்கப்போது வெட்டிச் சிதைத்துவிடுகிறது. நொதியைத் தடுத்தால் வெள்ளை இதழ் மஞ்சளாகிறது.

வழக்கின் தீர்ப்பு

செடியிலிருந்து பறித்த ரோஜாவுக்கு இலைகளிலிருந்து சர்க்கரை வருவது நின்றுவிடுகிறது. ஆனால் இதழின் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சுவாசிக்கின்றன. கையிருப்புச் சர்க்கரை தீர்ந்ததும் புரதங்களைச் சிதைத்து எரிக்கத் தொடங்குகின்றன. புரதம் சிதைந்தால் அம்மோனியா போன்ற காரப் பொருள்கள் சேரும். சாற்றின் அமிலத்தன்மை குறையும். சிவப்பாக இருந்த ஆந்தோசயனின் நீலப்பக்கம் சாய்ந்துவிடும். பக்கத்தில் இருக்கும் சாமந்தியிலும் இதே பட்டினிதான். ஆனால் அதன் மஞ்சள் கரோட்டினாய்டு அமிலத்தைப் பொருட்படுத்தாதே! ஆகவே ஒன்று மாறுகிறது, ஒன்று மாறவில்லை. பீச் ரோஜாவிலோ ஒரே இதழுக்குள் இரண்டும் நடக்கின்றன.

பூ பழையதாக இருக்க வேண்டியதில்லை. புழுக்கமான ஓர் இரவும், மேடை விளக்குகளின் சூடுமே போதும். வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு குறைந்தால் சுவாச வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பனிக்கட்டி வைத்த தெர்மகோல் பெட்டியில் பூ வருவது இதற்காகத்தான். காம்புடன் குவளையில் வைக்கும் ரோஜாவுக்கு நீரில் சிறிது சர்க்கரை கலந்தால் நீலம் பாய்வது தள்ளிப்போகும். அந்த இனிப்பில் கிருமிகள் பெருகாதபடி நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். நாரில் கட்டிய மாலைக்கு அப்படி ஊட்ட வழியில்லை. எனவே மேடையில் இரவெல்லாம் இருக்கவேண்டிய இடங்களில் கரோட்டினாய்டுப் பூக்களையும், ரோஜாவை முகூர்த்தத்துக்குச் சற்று முன் கட்டும் மாலையிலும் வைப்பதுதான் விவரமறிந்த பூக்காரர் செய்யத்தக்கது.

இன்னொரு சாட்சியையும் விசாரிக்க வேண்டும்: விளக்கு. வரவேற்பு மண்டபத்தில் மஞ்சள் ஒளி வீசும் விளக்குகளில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் குறைவு. அதன் கீழ் நீலச்சாயல் ஓரளவு மறைந்திருக்கும். விடிந்ததும் வானத்தின் நீலம் கலந்த பகலொளி உள்ளே வருகிறது, மறைந்திருந்தது வெளிப்படுகிறது. துணித்துண்டையும் பூவையும் கடையின் வெள்ளை விளக்கில் மட்டும் பார்த்துப் பொருத்தினால் போதாது. தெருவுக்குக் கொண்டுவந்து பகலிலும் பார்க்க வேண்டும். சாயமும் நிறமியும் வேறு பொருள்கள். ஓர் ஒளியில் ஒன்றுபோல் தெரிபவை மற்றொரு ஒளியில் பிரிந்துபோகலாம்.

பக்கத்து நிறமும் கண்ணை ஏமாற்றும். பாரிசில் கோப்லேன் நெசவாலையின் சாயப் பிரிவுத் தலைவராக இருந்த செவ்ரேல் என்ற வேதியியலாரிடம், கறுப்பு நூலில் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நீல, ஊதா நூல்களே கறுப்பை மங்கலாகக் காட்டின. 1839-ல் இதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். மாலையில் ரோஜாவுக்கு நடுவே மருவும் மருக்கொழுந்தும் வைத்துக் கட்டுகிறார்களே, பச்சைக்கு அருகே வெளிர் ஆரஞ்சு சற்றுச் சிவந்து தெரியும். அதே பூவை அடர் சிவப்புக்கு அருகே வைத்தால் மஞ்சளித்துத் தெரியும். இரண்டு நிறக் காகிதங்களில் ஒரே பூவின் இரு இதழ்களை வைத்துப் பார்த்தால் நம்புவீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ரோஜா இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றை மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விடுங்கள்: சிவக்கும். இன்னொன்றில் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள்: நிறம் நீலம், பச்சை என்று ஓடும். மூன்றாவதை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். வாடாமல்லியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த சாற்றில் எலுமிச்சை விட்டால் ரோஜாச் சாற்றைப்போல் பெரிய மாற்றம் இராது. தெளிந்த சுண்ணாம்பு நீரை நிறைய விட்டால் மஞ்சளாகும்.

கேந்தி இதழ்களை நிழலில் நன்றாக உலர்த்திக் கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் உள்ளே போகாது. ஒரு பங்கை வெந்நீரிலும், ஒரு பங்கை இளஞ்சூடான தேங்காயெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் வையுங்கள். நீரில் வேறு சில பொருள்கள் கரைந்து வெளிர்மஞ்சள் வரலாம். பொன்னிறம் எண்ணெயில்தான் இறங்கும். எண்ணெயைச் சூடாக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

அடுத்து, நம் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் சொந்தமான கனகாம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த அதன் நிறம் எண்ணெயில் இறங்குகிறதா, நீரில் இறங்குகிறதா, எலுமிச்சைக்கு அசைகிறதா என்று நாள், நேரம் குறித்து உங்கள் நோட்டில் எழுதி, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.