குளிர்காலத்தில் வீட்டு வெப்பத்தைச் சேமித்தல்

பிரித்தானியாவில் குளிர்காலத்தில் வீட்டை வெப்பமாக வைத்திருக்க எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் பெருஞ்செலவாகும். வெளியேறும் வெப்பத்தைக் குறைத்தால் செலவும் குறையும். இதற்காக யன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி இடுவர்.

காரணம் கேட்டால் மாணவர் பலர் “குளிர் உள்ளே வராது” என எழுதுகின்றனர். இதற்குப் புள்ளி கிடைக்காது! குளிர் பாய்வதில்லை, வெப்பமே உயர் வெப்பநிலையிலிருந்து தாழ் வெப்பநிலைக்குச் செல்கிறது. கண்ணாடிகளுக்கிடையே அடைபட்ட வளி வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அப்படியாயின் இடைவெளியை ஏன் அகலமாக விடுவதில்லை? அகலம் கூடினால் வளி சுழன்று மேற்காவுகை மூலம் வெப்பத்தைக் கொண்டு செல்லும். எனவே பெரும்பாலும் 16 மில்லிமீற்றர் அளவிலேயே விடப்படுகிறது.

கூரையின் கீழ் கண்ணாடி நார் விரிப்பதும் வளியைச் சிறைப்படுத்தவே. வெப்பமாக்கியின் பின்சுவரில் அலுமினியத் தாள் ஒட்டுவது மட்டும் வேறு. அது கதிர்ப்பை அறைக்குள் தெறிக்கச் செய்கிறது.