துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்வது யார்?



அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2023-ம் ஆண்டில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 46,728 பேர். இவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது ஏறக்குறைய 27,300 பேர், தற்கொலை செய்து கொண்டவர்கள். அவர்களுடைய துயரம் தனியே ஒரு பாடத்துக்கு உரியது. பிறர் கையால் கொலையுண்டவர்கள் 17,927 பேர். பெரிய நகரங்களின் ஏழைப் பேட்டைகளில் நடக்கும் இத்தகைய கொலைகளைப் பற்றியே இந்தப் பாடத்தில் ஆராய்வோம்.

இவற்றைத் தடுப்பது யாருடைய வேலை? போலீசாருடைய வேலை என்பார் சிலர். கடுமையான சட்டம் வந்தால் போதும் என்பார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. போலீசும் வேண்டும், சட்டமும் வேண்டும். ஆனால் சென்ற முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்நாட்டு நகரங்கள் சில வேறொரு கூட்டத்தாரின் பலத்தையும் கண்டுகொண்டன. தாய்மார், கோவில் போதகர்கள், முன்பு துப்பாக்கி ஏந்தி இப்போது அதை விட்டுவிட்டவர்கள், தெருவில் குடியிருக்கும் அயலார் ஆகியோரே அக்கூட்டத்தார். இவர்கள் செய்தது என்ன? அதனால் விளைந்தது என்ன? கவனமாகப் பார்ப்போம்.

1. குற்றவாளிகள் பலரா, சிலரா?

பாஸ்டன் நகரில் 1990-ல் மட்டும் 152 பேர் கொலையுண்டார்கள். மாண்டவர்களில் அநேகர் இளைஞர். நகரத்து ஜனங்கள் ஏழைப் பேட்டைகளைக் கண்டு நடுங்கினார்கள். அங்குள்ள பையன்கள் எல்லோரையும் கொலைகாரராகவே எண்ணினார்கள்.

ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் போலீசாரோடும் நன்னடத்தை அதிகாரிகளோடும் தெரு ஊழியர்களோடும் உட்கார்ந்து, ஒவ்வொரு கொலையாக எடுத்து ஆராய்ந்தார்கள். கொன்றவன் யார், மாண்டவன் யார், சண்டை எதனால் என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள். கிடைத்த விடை யாரும் எதிர்பாராதது. சுமார் 61 கோஷ்டிகள். அவற்றில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 1,300 பேர். நகரத்தில் அந்த வயதுடையோரில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆயினும் இளைஞர் கொலைகளில் நூற்றுக்கு அறுபதாவது இவர்களாலேயே நடந்தது. பெரும்பாலும் காரணம் பழைய பகை. இன்று அடித்தவன் நாளை அடிபடுகிறான். அவனுக்காக மறுநாள் வேறொருவன் துப்பாக்கி எடுக்கிறான்.

இதில் முதல் பாடம் இருக்கிறது. ஒரு பேட்டை முழுவதையும் கெட்டதென்று தள்ளுகிறவன் அநியாயம் செய்கிறான். நோய் எங்கே இருக்கிறதென்பதையும் காணாமற் போகிறான். ஆபத்தில் இருப்பவர்கள் சிலர். அந்தச் சிலரைப் பெயர் சொல்லி அறிந்தவர்களே அவர்களை நெருங்க முடியும்.

2. போதகர்கள் தெருவுக்கு வந்தார்கள்

அதே பாஸ்டனில் 1992-ம் ஆண்டு மே மாதம், பாப்திஸ்து சபைக் கோவில் ஒன்றில் கொலையுண்ட ஓர் இளைஞனுக்காக அடக்கச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. எதிர்க் கோஷ்டியார் கோவிலுக்குள்ளேயே புகுந்து, துக்கத்துக்கு வந்தவர்களின் கண்ணெதிரே ஒரு பையனைக் கத்தியால் குத்தினார்கள். இது நகரத்துப் போதகர்களின் மனதை உலுக்கிவிட்டது. இளைஞர் கோவிலுக்கு வரவில்லையென்று இனிக் குறை சொல்லிக்கொண்டிராமல், கோவிலே இளைஞரிடம் போகவேண்டும் என்று அவர்களிற் சிலர் துணிந்தார்கள். ‘பத்து அம்சக் கூட்டணி’ என்ற சங்கம் இவ்வாறு பிறந்தது.

இரவில், நல்லவர்கள் கதவை அடைத்துக்கொள்ளும் வேளையில், இவர்கள் தெருக்களில் நடந்தார்கள். தொடக்கத்தில் பிரசங்கம் செய்யவில்லை. நின்றார்கள், கேட்டார்கள், மறுவாரமும் வந்தார்கள். பையன்கள் வெகுநாள் இவர்களைச் சோதித்துப் பார்த்த பிறகே வாய் திறந்தார்கள்.

1996-ல் இந்த முயற்சியும் போலீசாரின் முயற்சியும் கைகோத்தன. கோஷ்டிப் பையன்களை அழைத்து நேருக்கு நேராக இரண்டு காரியம் சொன்னார்கள். ஒன்று எச்சரிப்பு: “உங்களில் ஒருவன் சுட்டால், சுட்டவனோடு விடமாட்டோம்; கோஷ்டி முழுவதன்மேலும் சட்டத்தின் பார்வை விழும்.” மற்றொன்று அழைப்பு: “நீங்கள் சாவதை நாங்கள் விரும்பவில்லை. படிப்பு வேண்டுமா, வேலை வேண்டுமா, உதவி இதோ.” எச்சரிப்பைச் சொன்னவர் அதிகாரி, அழைப்பைச் சொன்னவர்கள் போதகர்களும் தெரு ஊழியர்களும். கண்டிப்பும் பட்சமும் ஒரே அறையில் ஒரே நாளில் பேசின. நல்ல தகப்பனும் தாயும் உள்ள வீட்டில் நடப்பதும் இதுவே அல்லவா?

இதன் பலனை ஆராய்ந்தவர்கள், மாதந்தோறும் நடந்த இளைஞர் கொலைகள் நூற்றுக்கு 63 பங்கு குறைந்தன என்று கண்டார்கள். 1999-ல் நகரத்தில் நடந்த மொத்தக் கொலைகள் 31. அக்காலத்தில் மற்ற அமெரிக்க நகரங்களிலும் கொலைகள் குறைந்தன என்பது உண்மை. ஆகையால் எல்லாப் புகழையும் இந்த முயற்சிக்கே கொடுப்பது முறையல்ல. ஆனால் பாஸ்டனில் கண்ட இறக்கம் மற்ற இடங்களைவிடச் சடுதியானது.

3. வியாகுல மாதா பங்கின் தாய்மார்

இனி மேற்குக் கரைக்குச் செல்வோம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாயில் ஹைட்ஸ் என்னும் பகுதியில் ஒரு கத்தோலிக்கப் பங்கு உண்டு. ‘தொலோரெஸ் மிஷன்’ என்பது அதன் பெயர். வியாகுல மாதா கோவில் என்று நாம் சொல்லலாம். மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த ஏழைகளின் பங்கு அது. அரசாங்கம் கட்டிய இரண்டு பெரிய குடியிருப்புகளின் நடுவே அது இருந்தது. (அக்குடியிருப்புகள் பின்னர் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டன.) அந்தச் சிறு பரப்பில் எட்டுக் கோஷ்டிகள் ஒன்றோடொன்று பகைத்து நின்றன. 1986-ல் அங்கே பங்குக் குருவாக வந்தவர் கிரகோரி பாயில் என்னும் சேசு சபைக் குருவானவர். துப்பாக்கிக்கு இரையான பிள்ளைகளை அவர் அடக்கம் செய்யத் தொடங்கியது 1988-ல். அப்படி அடக்கம் செய்தவர்களின் தொகை பிற்காலத்தில் 200-ஐத் தாண்டியது.

அப்பங்கில் பெண்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடிச் சுவிசேஷம் வாசித்து ஜெபிப்பது வழக்கம். ஒருநாள் அவர்கள் வாசித்தது அர்ச். மத்தேயு சுவிசேஷத்தின் 14-ம் அதிகாரம்: புயல், படகு, தண்ணீர்மேல் நடந்து வரும் சேசுநாதர், படகை விட்டு இறங்கும் இராயப்பர். வெளியே கேட்கும் துப்பாக்கிச் சத்தமே தங்கள் புயல் என்றும், பூட்டிய வீடே தங்கள் படகு என்றும் அவர்களுக்குத் தோன்றியது. இறங்கினார்கள். அன்றிரவே கூட்டமாகப் புறப்பட்டு, கோஷ்டிகள் நிற்கும் இடங்களுக்கெல்லாம் நடந்து சென்றார்கள். கையில் கொண்டுபோனது தின்பண்டமும் குளிர்பானமும் கித்தாரும். பையன்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊர்ப் பாட்டுகளைப் பாடினார்கள். சுடுவதற்கு நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் தாயும் சிற்றன்னையும் நிற்கிற தெருவில் யார்தான் சுடுவான்?

இதைக் கேட்டு நாம் கண் கலங்கி நின்றுவிடலாகாது. அப்பெண்கள் நின்றுவிடவில்லை. பையன்களின் வாயிலிருந்தே அவர்கள் கேட்டறிந்தது, வேலையில்லை, பள்ளிக்கூடம் சேர்க்கவில்லை, போலீசார் அடிக்கிறார்கள் என்பது. ஆகவே சமாதானக் குழு அமைத்தார்கள். போலீசாரின் முறைகேடுகளைக் கேள்வி கேட்டார்கள். பள்ளிகள் தள்ளிய பிள்ளைகளுக்காகப் பங்கிலேயே பள்ளிக்கூடம் நடந்தது. நடையில் தொடங்கியது உழைப்பாக முதிர்ந்தது.

4. குண்டை நிறுத்தும் வேலை

1988-ல் பாயில் சுவாமியாரும் பங்கு மக்களும் இப்பையன்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் முயற்சியைத் தொடங்கினார்கள். வேலை கொடுக்க முன்வந்தவர்கள் வெகு சிலர். முகத்திலும் கழுத்திலும் கோஷ்டியின் அடையாளத்தைப் பச்சை குத்தியிருப்பவனை யார் கடையில் வைப்பார்? யாரும் கொடாவிட்டால் நாமே உண்டாக்குவோம் என்று 1992-ல் கோவிலுக்கு எதிரிலிருந்த ஒரு பழைய பேக்கரியை வாங்கினார்கள். அவ்வாண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த கொலைகள் 1,000-க்கும் மேல். பெருங்கலவரமும் அவ்வாண்டிலேயே நிகழ்ந்தது.

அந்தப் பேக்கரியில் மாவு பிசைந்தவர்கள் யார்? நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த எதிர்க் கோஷ்டியார். ஒருவன் மாவை நீட்ட மற்றவன் அடுப்பிலிட வேண்டும்; பேசாமல் முடியாது. பெயர் தெரியாத எதிரியைச் சுடுவது எளிது. விடியற்காலையில் தன்னோடு ரொட்டி சுட்டவனை, அவன் பிள்ளையின் பெயரையும் தாயின் வியாதியையும் அறிந்த பிறகு, சுடுவது அவ்வளவு எளிதல்ல.

1999-ல் அந்தப் பேக்கரி தீக்கிரையானது. 2010-ல் பணமுடையால் 300-க்கு மேற்பட்டோரை வேலையிலிருந்து நிறுத்த நேர்ந்தது. இரண்டையும் தாண்டி, ‘ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ்’ என்ற பெயரோடு அது இன்றும் நடந்துவருகிறது. பச்சையை இலவசமாக அழித்துவிடுகிறார்கள். மனநோவுக்கு ஆலோசனையும் உண்டு. 2024-ல் அந்நாட்டின் ஜனாதிபதி பாயில் சுவாமியாருக்குச் சுதந்திரப் பதக்கம் அளித்தார்.

அவர் அனுபவத்தில் கண்ட ஒன்று சிந்திக்கத்தக்கது. ஆதியில் அவர் கோஷ்டிகளுக்கிடையே சமாதான உடன்படிக்கை செய்து வைத்தார். நாளடைவில் அதை விட்டுவிட்டார். கோஷ்டியோடு உடன்படிக்கை செய்தால் கோஷ்டிக்கே மதிப்பும் உயிரும் கொடுத்ததாகிறது என்று கண்டார். அதுமுதல் அவர் பேசுவது கோஷ்டியோடல்ல, கோஷ்டியிலிருக்கும் ஒவ்வொரு மகனோடும் மகளோடும்தான்.

5. பழிக்கு முன்னே ஓடுகிறவர்கள்

சிக்காகோ நகரில் காரி ஸ்லட்கின் என்னும் வைத்தியர் இதை வேறு கோணத்திலிருந்து பார்த்தார். ஆப்பிரிக்காவில் கொள்ளைநோய்களோடு போராடித் திரும்பியவர் அவர். கொலையும் தொத்துநோய்போல் ஒருவனிடமிருந்து மற்றொருவனுக்குப் பரவுகிறது. ஆகவே அடுத்தவனுக்குத் தொத்துமுன் தடுக்கவேண்டும் என்பது அவர் கருத்து. 2000-ல் ஓர் ஏழைப் பேட்டையில் இம்முயற்சி தொடங்கியது.

சில ஆண்டுகளுக்குள் அதன் முக்கிய ஊழியர்களாக வந்தவர்கள் முன்னாள் கோஷ்டியாரும் சிறை கண்டவர்களுமே. ஒருவன் சுடப்பட்டான் என்ற செய்தி வந்ததும், பழிவாங்கத் துடிக்கும் அண்ணனையும் நண்பனையும் தேடி ஓடுவார்கள். அன்றிரவு அவனைப் பேச்சில் வைத்திருந்தாலே ஓர் உயிர் தப்பும். “நானும் இப்படித்தான் போனேன், பதினைந்து வருஷம் சிறையில் இருந்தேன்” என்று அவர்கள் சொன்னால் அவன் கேட்பான், நாம் சொன்னால் கேட்பானா?

பாயில் சுவாமியாரின் வழிக்கு இது முரணென்று நினைக்க வேண்டாம். இது அந்த ஓர் இரவைக் காக்கிறது. அவருடைய பேக்கரி அதற்குப் பிந்திய வருஷங்களைக் காக்கிறது. இரண்டும் வேண்டும்.

6. ஓர் எச்சரிப்பு

இம்முயற்சிகள் எங்கும் எப்போதும் வெற்றி பெற்றன என்று எண்ணலாகாது. சிக்காகோவின் முறையைப் பின்பற்றிய இடங்களில் சிலவற்றில் கொலைகள் நன்றாகக் குறைந்தன. வேறு சிலவற்றில் மாறுதல் காணப்படவில்லை. பாஸ்டனின் கதை இன்னும் தெளிவானது. கொலைகள் குறைந்ததும் கவலையும் குறைந்தது. 2000-க்குப் பின் ஒற்றுமை தளர்ந்தது, கூட்டங்கள் நின்றன. 1999-ல் 31 ஆக இருந்த கொலைகள் 2005-ல் 75 ஆயின. மறுபடியும் உழைக்க வேண்டியதாயிற்று. 2024-ல் அங்கு நடந்த கொலைகள் 24.

தோட்டம் பசுமையாயிற்றென்று தண்ணீர் விடுவதை நிறுத்துகிறவன் அறுவடை காண்பதில்லை. சமாதானமும் அப்படியே, அதை நாள்தோறும் செய்யவேண்டும்.

7. நமக்குள்ள பாடம்

நம் தெருவில் துப்பாக்கி இல்லாதிருக்கலாம். ஆனால் தீராத பகையுள்ள இரண்டு வீடுகள் எந்தத் தெருவில் இல்லை? “அவன் தேறமாட்டான்” என்று நாம் கைவிட்ட பையன் ஒருவன் எந்தக் குடும்பத்தில் இல்லை? சிறையிலிருந்து திரும்பியவனுக்கு வேலை கொடுக்க நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்? தொலோரெஸ் மிஷன் பெண்களிடம் பணமில்லை, படிப்பில்லை, பதவியுமில்லை. அந்தப் பையன்களைத் தங்கள் பிள்ளைகள் என்று அவர்கள் சொன்னார்கள். சொன்னபடி நடந்தும் காட்டினார்கள்.

குடும்பத்தில் கலந்து பேச:

(1) பாஸ்டனில் இளைஞர் கொலைகளில் பெரும்பகுதிக்குக் காரணமானவர்கள் எத்தனை பேர்? ஒரு பேட்டை முழுவதையும் பழிப்பது ஏன் அநியாயம்?

(2) எச்சரிப்பும் அழைப்பும் சேர்ந்தே சொல்லப்பட்டது ஏன்? ஒன்று மட்டும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

(3) எதிரிகளை ஒரே பேக்கரியில் வேலை செய்யவைத்ததன் நோக்கம் என்ன?

(4) நாம் பேசாமல் விட்டிருக்கும் வீடு எது? பெயர் சொல்லி அழைக்காமல் விட்டிருக்கும் பிள்ளை யார்?

இவ்வாரத் தீர்மானம்: நான்காம் கேள்விக்கு விடையாக வந்த அந்த ஒருவரை, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒருமுறையாவது போய்க் காணுங்கள்.