மானாம்பதி நெல்லும் ஜெனீவா கணக்கும்

எங்க ஊர் உத்திரமேரூர் பக்கம் மானாம்பதி. அறுவடை முடிஞ்சதும் பெரியப்பா நெல்லை டிராக்டர்ல ஏத்திட்டுப் போய் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல குவிச்சு வைப்பார். முறை வர்ற வரைக்கும் காவல். மழை வந்தா தார்ப்பாய். அங்க அவருக்குக் கிடைக்கிற விலை ஜெனீவாவுல நாடுகளுக்கு இடையே தகராறு ஆகுதுன்னா நம்புவீங்களா?

ஜெனீவாவில்தான் உலக வர்த்தக அமைப்பு, அதாவது டபிள்யூ.டி.ஓ. இருக்கு. 1995-ல் நடைமுறைக்கு வந்த அதன் விவசாய ஒப்பந்தப்படி, ஒரு பயிருக்கு இந்தியா தரும் ஆதரவு அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சரி, ஆதரவை எப்படி அளப்பாங்க? குறைந்தபட்ச ஆதரவு விலையிலிருந்து 1986-88 காலத்து சராசரி உலக விலையைக் கழிச்சு, கொள்முதலுக்குத் தகுதியான அளவால் பெருக்கணும். கவனிங்க: இன்றைய விலை இல்லை, நாம பிறக்கறதுக்கு முன்னாடி இருந்த விலை!

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆதரவு விலை கிலோ 20 ரூபாய், இன்றைய உலக விலை 18 என்றால் உண்மையான உதவி 2 ரூபாய். ஆனால் பழைய விலை 5 ரூபாய் என்றால், 15 ரூபாய் உதவி செஞ்சதா பதிவாகும். முதல் வருஷ லேப்ல ஜீரோ எரர் பார்க்காம ஸ்க்ரூ கேஜ்ல ரீடிங் எடுத்த மாதிரிதான்.

2018-19-ல் நெல்லுக்கு ஆதரவு விலை குவிண்டால் 1,750 ரூபாய். அந்த வருஷம் அரிசி உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர், ஆதரவு சுமார் 500 கோடி டாலர் என்று இந்தியாவே கணக்கு கொடுத்தது. 11 சதவீதத்துக்கு மேல். வரம்பு தாண்டியாச்சு.

ஆனாலும் யாரும் வழக்கு போட முடியலை. காரணம், 2013 பாலி மாநாட்டில் கிடைத்த 'சமாதான விதி'. உணவுப் பாதுகாப்புக்காகத் தானியம் வாங்கிச் சேமிக்கும் பழைய திட்டங்கள், விவரங்களை ஒழுங்கா அறிவிச்சா, வரம்பு மீறினதுக்காக வழக்கைச் சந்திக்க வேண்டாம். அதை முதலில் பயன்படுத்திய நாடு இந்தியாதான்.

கரும்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா 2019-ல் வழக்கு போட்டன. 2021 டிசம்பரில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. ஆனால் புது உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால், மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலேயே முடங்கிப் போயிருந்தது. வழக்கு அப்படியே தொங்கிடுச்சு.

எதிர்த் தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கு. உலகிலேயே அதிகமா அரிசி ஏற்றுமதி செய்யற நாடு நாமதான். ஆதரவு விலையில் வாங்கிய அரிசி வெளிச்சந்தைக்குப் போனா, தாய்லாந்து விவசாயிக்கு விலை விழும். இந்தக் குற்றச்சாட்டு 2024 அபுதாபி மாநாட்டிலும் எழுந்தது. நிரந்தரத் தீர்வு அங்கேயும் வரலை.

அடுத்த முறை "டபிள்யூ.டி.ஓ.வில் இந்தியா மீது புகார்"னு செய்தி பார்த்தா, யார் பக்கம் நியாயம்னு உடனே முடிவு பண்ணாதீங்க. எந்த வருஷ விலையை வெச்சு அளந்தாங்க, விலக்கு இருக்கா, தீர்ப்பு சொல்ல ஆள் இருக்காங்களா? இந்த மூணையும் முதல்ல கேளுங்க. தார்ப்பாய் பிடிச்சுட்டு நிக்கிற பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. படிச்ச நமக்காவது தெரிஞ்சிருக்கணும்.