ப்ளேலிஸ்ட்டை வீடு மாத்தலாம் வாங்க!

முதலாம் ஆண்டில் ஆரம்பித்த ப்ளேலிஸ்ட், நாலாவது வருஷம் வரும்போது 300 பாட்டைத் தாண்டியிருக்கும். சிவகிரியில் ஏறி வாசுதேவநல்லூரில் இறங்குவதற்குள் கேட்கிற பாட்டு, செமஸ்டருக்கு முந்தின ராத்திரி ஓடுகிற பாட்டு எல்லாம் அதில்தான் இருக்கு. ஆனா அந்தப் பட்டியல் உங்க போனில் இல்லை மக்களே, ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரில் இருக்கு. கம்பெனி கடையைச் சாத்தினால்?

சாத்தியிருக்காங்க. கூகுள் ப்ளே மியூசிக் 2020 கடைசியில் நின்றது. யூடியூப் மியூசிக்குக்கு மாற ஒரு பட்டன் கொடுத்தார்கள். 2021 பிப்ரவரி 24-க்குப் பிறகு பழைய தரவை அழிக்கப்போவதாகவும் சொன்னார்கள். ரெஸ்ஸோ இந்தியாவில் 2024 ஜனவரி 31-ஓடு முடிந்தது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடப்போகும் செய்தி அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வந்தது.

உள்ளே என்ன நடக்குது?

இடம் மாறும்போது பாட்டு நகர்வதில்லை, பாட்டின் பெயர்தான் நகர்கிறது. சவுண்டிஸ், ட்யூன்மைமியூசிக் போன்ற கருவிகள் பழைய ஆப்பிலிருந்து பாட்டு, பாடகர், ஆல்பம், நேர அளவு ஆகியவற்றை வாங்கி, புது ஆப்பில் அதையே தேடிச் சேர்க்கும். டவுன்லோடு செய்து வைத்த பாட்டு வராது. அது அந்த ஆப் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டிய கோப்பு.

தேடலுக்கு ஒரு நல்ல துணை ஐஎஸ்ஆர்சி. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் 12 எழுத்துக் குறியீடு இது. முதல் 5 பதிவு செய்தவரைக் காட்டும், அடுத்த 2 ஆண்டு, கடைசி 5 வரிசை எண். இது இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் குழப்பமே இல்லை. ஆனால் பழைய படப் பாட்டை வேறொரு நிறுவனம் மறுபடி வெளியிட்டால் எண் மாறிவிடலாம். அப்போது பெயரை வைத்துத்தான் தேட வேண்டும்.

தமிழ்ப் பாட்டு ஏன் மாட்டிக்குது?

நம்ம பாட்டுப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். 'ஆசை'க்கு ஒரு இடத்தில் ஒரு 'ஏ', இன்னொரு இடத்தில் இரண்டு 'ஏ'. படப் பெயரும் உதவாது: 1986-ல் இளையராஜா இசையில் ஒரு 'விக்ரம்', 2022-ல் அனிருத் இசையில் இன்னொரு 'விக்ரம்'. 'ரோஜா' மாதிரிப் படங்களுக்கு இந்தி ஆல்பமும் இருக்கு. ட்யூன் ஒன்று, பாட்டு வேறு. "300 பாட்டும் வந்தாச்சு" என்று கருவி சொன்னாலும், கேட்டால் அதில் சில கரோக்கியாகவோ கவர் வெர்ஷனாகவோ இருக்கலாம்.

செய்முறை

1. பழைய ப்ளேலிஸ்ட்டில் எத்தனை பாட்டு என்று குறித்து வையுங்கள்.
2. கருவியில் இரண்டு கணக்கையும் இணையுங்கள். பாஸ்வேர்டை அந்த ஆப்பின் சொந்த லாகின் பக்கத்தில் மட்டும் போடுங்கள். கருவிக்குக் கிடைப்பது அனுமதி டோக்கன் மட்டுமே. வேறு பக்கத்தில் பாஸ்வேர்டு கேட்டால் உடனே வெளியே வந்துடுங்க.
3. இலவசக் கணக்கில் பாட்டு எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். பெரிய பட்டியலைப் பிரித்து அனுப்புங்கள்.
4. 'கிடைக்கவில்லை' பட்டியலைச் சேமித்து, அந்தப் பாட்டுகளைக் கையால் தேடிச் சேருங்கள். வந்ததிலும் பத்துப் பாட்டையாவது போட்டுக் கேளுங்கள்.
5. வேலை முடிந்ததும் இரண்டு கணக்கின் செட்டிங்ஸிலும் கருவிக்குத் தந்த அனுமதியை நீக்குங்கள்.
6. எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் பழைய கணக்கை மூட வேண்டும்.

மாறாவிட்டாலும் ஒரு வேலை

ப்ளேலிஸ்ட்டை ஒரு சிஎஸ்வி கோப்பாக எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். ஸ்பாட்டிஃபையில் உங்கள் தரவைக் கேட்டால் பட்டியல் கோப்பாகவே வரும். கூகுள் டேக்அவுட்டிலும் எடுக்கலாம், ஆனால் அதில் யூடியூப் ப்ளேலிஸ்ட் வெறும் வீடியோ எண்ணாக இருக்கும். பாட்டுப் பெயரோடு வேண்டுமென்றால் மேலே சொன்ன கருவிகளில் எடுப்பதே நல்லது. 300 பாட்டின் பெயர் ஒரு போட்டோ அளவுகூட இடம் பிடிக்காது. ஆப் இருக்கும்போதே எடுத்தால்தான் உண்டு. இன்னைக்கே எடுத்துடுங்க!